ஒன்பது காலர்கள்

அரவேணு நிறுத்தத்திலிருந்து
பதினேழு படி இறங்கினால் என் கடை.
கடை என்பது ரோட்டைப் பார்த்த பாதி.
மீதிப் பாதி வீடு.
நடுவில் மெஷின்.
மெஷினுக்குப் பின்னால்
யாரோ குந்தியிருப்பது போல ஒரு மூட்டை.

ஒட்டுப்போர்வை தைப்பவளுக்குத்
துணி தீர்வதேயில்லை.
ஒரு போர்வை முடித்தால் அரைப் போர்வைக்கு மிச்சம்.
அந்த அரையில் இன்னொன்று தொடங்கினால்
அதிலும் மிச்சம்.
கடன்போல, அடைக்க அடைக்கக் குட்டி போடும்.

உள்ளங்கைக்கு மேல் இருந்தால் மடித்து வைப்பேன்.
தீப்பெட்டி அளவென்றால் கொஞ்சம் யோசிப்பேன்.
நாடாவாய் ஓடுவதைப் பின்னினால் கால்மிதி.
முனை, பிசிர், முக்கோணம் எல்லாம்
தலையணை வயிற்றுக்கு.
"உன் தலகாணில படுத்தா
கலர் கலரா கனவு வருதுடி" என்பாள் சில்வியா அக்கா.
தும்மலும் வரும். அதைச் சொல்ல மாட்டாள்.
கதவடி இடுக்கில் மூடுபனி நுழையாமல்
நீளமாய் ஒரு பாம்பு தைத்துப் போட்டேன்.
மீட்டர் பார்க்க வந்தவர்
வாசலிலேயே நின்று
போன மாசத்து எண்ணை எழுதிப் போனார்.

புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்த ஒரு சனவரிக் காலை
குன்னூரிலிருந்து ஒருத்தி வந்தாள்.
பையில் ஒன்பது சட்டை.
"அவரோடது" என்றாள்.
அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தேன்.
வரவில்லை.
எவ்வளவு அகலம் வேண்டும் என்றேன்.
"ஒருத்தர் படுக்கிற அளவு."

சட்டையில் முதுகுதான் முழுத்துணி.
நெஞ்சு இரண்டாகப் பிரிந்திருக்கும்,
கை சரிந்து ஓடும்.
தைத்து முடித்துக் கொடியில் போட்டபோது
ஒன்பது முதுகுகள்
ஒன்றும் திரும்பாமல் நின்றன.

மிஞ்சியவை:
பொத்தான் ஒரு டப்பா.
பாக்கெட் ஒன்பது, ஒன்றில்
சலவையில் உருண்டையாகிப் போன பஸ் டிக்கெட்.
பிரித்துப் பார்த்தேன். ஊர் எதுவும் மிஞ்சவில்லை.
கைப்பட்டி பதினாறு (ஒரு சட்டை அரைக்கை).
காலர் ஒன்பது.
திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை.
"எரிச்சிடுங்க."

காலர் போர்வைக்கு உதவாது.
வளைவு. உள்ளே விறைத்த துணி.
கழுத்து உரசிய மடிப்பில் மட்டும்
நூல் தெரிய மெலிந்திருக்கும்.
மூட்டைக்குள் திணித்தால்
மற்றவற்றோடு படியாமல்
இரவெல்லாம் நிமிர்ந்து கிடக்கும்.

சிவபாக்கியம் வந்தது வேறு வேலையாக.
படங்கு கிழிந்திருந்தது, ஒட்டுப் போட.
காசை எண்ணும்போது விரலைப் பார்த்தேன்.
கொழுந்து கிள்ளிக் கிள்ளி
நகக்கண் கருத்து வெடித்திருந்தது.
"ரப்பர் போட்டா வேர்க்குது.
சைக்கிள் டியூப் கடிக்குது.
துணியில தைக்க முடியுமாக்கா?
கெட்டியா இருக்கணும், ஆனா மடங்கணும்."

கெட்டியாக, ஆனால் மடங்குகிற துணி.
மூட்டையைப் பார்த்தேன்.

ஒரு காலருக்கு நாலு விரல்.
ஒன்பதுக்கு முப்பத்தாறு.
நீலக் கோடு, காப்பிக் கட்டம், ஒரு வெள்ளை.
கைப்பட்டியை வெட்ட மனம் வரவில்லை.
பொத்தானை மட்டும் உள்ளே தள்ளித் தைத்தேன்,
ஆண் மணிக்கட்டு பெரிது.
விரலுக்கு மூன்று ரூபாய் வாங்கினேன்.
சும்மா கொடுத்தேன் என்று சொல்ல
எனக்கும் ஆசைதான்.

மார்ச்சில் போன் வந்தது.
போர்வை கதகதப்பாக இருக்கிறதாம்.
பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"மிச்சத்த எரிச்சிட்டீங்களா?"
எரித்துவிட்டேன் என்றேன்.
"சரி" என்றாள்.
அந்தச் சரியை
இன்னும் எந்தப் பக்கம் மடிப்பதென்று தெரியவில்லை.

காலை ஏழரைக்கு
காட்டெருமை நகரட்டும் என்று
பாதையோரம் நிற்கிறார்கள் எட்டுப் பேர்.
அவர்கள் மணிக்கட்டில்
அவர் கைப்பட்டி, சோடி சோடியாக.
எருமைக்கு அவசரமில்லை.
சிவபாக்கியம் கையை உயர்த்தி
ஹேய் என்கிறாள்.
கட்டம்போட்ட விரல்கள்.

பாக்கெட் ஒன்பதும் இருக்கின்றன.
டிக்கெட்டை அதே பாக்கெட்டில் போட்டேன்.
எது அந்தப் பாக்கெட் என்று
இப்போது தெரியவில்லை.